செம்போத்து எந்தக் குடும்பம்?

முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என் மகளுக்குக் கக்குவான் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். விடிந்தும் விடியாத நேரம். ‘ஊப், ஊப், ஊப்’ என்று அடித்தொண்டையிலிருந்து, ஒரே சீராக, மூச்சு விடாமல் வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் மட்டும் நிற்கவில்லை. அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு என்ன தோன்றியதோ, பக்கத்தில் படுத்திருந்த கணவரின் மார்பிலும் காதை வைத்தேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே, “எனக்கும் ஒண்ணும் இல்ல. பின்னாடி வேலியில ஏதோ பறவை கத்துது. வேணும்னா அது நெஞ்சுலயும் காது வச்சுப் பாத்துட்டு வா. பால் பொங்குது,” என்றார்.

பால் பொங்கித்தான் இருந்தது.

வேங்கிக்காலில் அப்போது எங்கள் வீடுதான் தெருவின் கடைசி வீடு. மாவட்டம் பிரிந்து புது அலுவலகங்கள் வந்துகொண்டிருந்த காலம். கணவருக்கு அவற்றில் ஒன்றில் எழுத்தர் வேலை. வீட்டுக்குப் பின்னால் மனை போட்டுக் கல் நட்டிருந்தார்களே தவிர, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சீமைக்கருவேலம்தான் குடியிருந்தது. அந்த முள்ளுக்குள்ளிருந்துதான் சத்தம் வந்தது.

நான் விலங்கியல் படித்தவள். பி.எஸ்ஸி. தவளையை அறுத்திருக்கிறேன், கரப்பான்பூச்சியின் வாய் உறுப்புகளைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உயிரோடு இருக்கும் ஒரு பறவைக்குப் பெயர் சொல்லச் சொன்னால் காக்கா, குருவி, கிளி, அதோடு முடிந்தது. அதனால் நூலகத்திலிருந்து ஒரு பழைய ஆங்கிலப் பறவைப் புத்தகத்தை எடுத்து வந்து, பின்கட்டில் உட்கார்ந்து, அது வெளியே வரும் வரை காத்திருந்தேன்.

வந்தது. பார்த்தால் காக்கை. காக்கையின் அளவு, காக்கையின் கறுப்பு. இறக்கைகளை மட்டும் யாரோ செங்கல் பொடியில் தோய்த்து எடுத்ததுபோல இருந்தது. கண் நல்ல சிவப்பு. பறப்பதில் அதற்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. முந்தானை தரையில் புரள்வது தெரியாமல் கல்யாண மண்டபத்துக்குள் நடக்கும் பெண்ணைப்போல, நீண்ட வாலை இழுத்துக்கொண்டு நடந்தே போனது. ஒரு நத்தையைக் கொத்தியது, ஓணானைத் துரத்தியது, மறுபடி முள்ளுக்குள் போய்விட்டது. செம்போத்து. செண்பகம் என்றும் சொல்வார்கள். இந்தியா முழுவதும், இலங்கையிலும், கிழக்கே தென் சீனா, இந்தோனேசியா வரைக்கும் இருக்கிறது என்று புத்தகம் சொன்னது. அத்தனை தேசம் பரந்து கிடக்க, என் பால் பொங்குகிற நேரமாகப் பார்த்துக் கத்துவதற்கு வேங்கிக்காலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

அது எந்தக் குடும்பம் என்பதுதான் ஆச்சரியம். பார்க்கக் காக்கையாக இருந்தாலும் காக்கைக் குடும்பம் இல்லை. குயில் குடும்பம். ஆனால் நம் குயில்போல அடுத்தவர் கூட்டில் முட்டையிடுவதில்லை. தானே கூடு கட்டி, தானே அடைகாத்து, தானே வளர்க்கிறது. தெற்கே இருக்கும் செம்போத்தை வடக்கே இருப்பதிலிருந்து தனி இனமாகப் பிரிக்க வேண்டும் என்று சிலர் சொல்வதாகவும், வேண்டாம் என்று சிலர் சொல்வதாகவும் இருந்தது. இதை நான் ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன்.

“வடார்க்காட்ட பிரிச்ச மாதிரியா?” என்றார். “அப்ப அதுக்கும் புதுசா ஒரு கலெக்டர் ஆபீஸ் கட்டணும். எனக்கு அங்க டிரான்ஸ்ஃபர் போட்டுடப் போறாங்க.”

இதெல்லாம் விளையாட்டாக இருந்தது, நாத்தனார் வரும் வரைக்கும்.

அவர் என் கணவருக்கு அக்கா. அடி அண்ணாமலையில் நிலமும், கிரிவலப் பாதையில் ஒரு சின்னக் கடையும் வைத்திருந்தார்கள். எனக்கு மாமியார் இல்லை, நான் கல்யாணமாகி வருவதற்கு வெகு முன்னாலேயே போய்விட்டார். மாமியார் வேலையையும் நாத்தனாரே சேர்த்துப் பார்த்தார். சிரித்துக்கொண்டே பார்த்தார் என்பதுதான் சிக்கல். கோபித்துக்கொள்ளும் ஆளாக இருந்தால் நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். சிரிக்கிறவரிடம் என்ன செய்வது?

என் மகளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. தீபம் முடிந்து பனி இறங்க ஆரம்பித்தால் அவளுக்கு இளைப்பு வந்துவிடும். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்ன விசில். டாக்டர் அதற்கு வீசிங் என்று பெயர் வைத்து, சிரப் எழுதிக் கொடுத்திருந்தார். நான் அவள் முதுகில் காதை வைத்தபடியேதான் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தேன். விசில் கேட்டால் பயம். கேட்காவிட்டால் சரியாகக் கேட்கவில்லையோ என்று பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஒரு பை நிறைய தூதுவளையும் கற்பூரவல்லியும் கொண்டுவந்தார். உள்ளே வரும்போதே குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“ஏ பி.எஸ்ஸி, இன்னா இப்படி எளச்சிட்டா என் மருமவ? நெஞ்செலும்ப எண்ணிடலாம் போல கீது.”

“எடை சரியா இருக்குன்னு டாக்டர் சொன்னாருங்க அண்ணி.”

“அவரு தராச பாத்து சொல்றாரு. நான் புள்ளைய பாத்து சொல்றேன்.”

அப்போதுதான் பின்னால் ‘ஊப், ஊப்’ என்று ஆரம்பித்தது. நாத்தனார் காதைத் தீட்டினார். “இன்னா சத்தம் அது?”

எனக்குத் தெரிந்த விஷயத்தை அவர் கேட்பது அபூர்வம். பெருமையாகவே சொன்னேன். “செம்போத்து அண்ணி. பின்னாடி முள்ளுல இருக்குது.”

“அடிப்பாவி! மருந்த வேலியில வச்சிக்கினு தேரடிக்கு டாக்டர தேடிக்கினு போறியா?”

“மருந்தா?”

“செம்போத்துக் கறி. இளப்புக்கு அத வுட்டா வேற இன்னா கீது? புளி போடாம, மொளகு ஜாஸ்தியா போட்டு சாறு வச்சி ஒரு தடவ குடுத்தா போதும். நெஞ்சு சுத்தமாயிடும். உங்க அண்ணன்தான் கண்ணி வைக்கிறதுல கில்லாடியாச்சே. வர்ற ஞாயித்துக்கெழம பௌர்ணமி, சாயந்திரம் கடையில கூட்டம் வந்துடும். காலையிலயே வந்துடறோம்.”

‘உங்க அண்ணன்’ என்றது அவர் கணவரை. எனக்கு அண்ணன் முறை. அவர் நல்ல மனிதர், மனைவி சொல்வதை மறுப்பது என்றொரு வழி உலகத்தில் உண்டு என்பதையே அறியாதவர்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பேப்பருக்குள் இருந்தபடியே, “ஃபாரஸ்ட்ல கேஸ் போட்டுடுவாங்கக்கா,” என்றார்.

“போடட்டும். உங்க ஆபீசு கேசு முடியறதுக்குள்ள இவ பேரன் எடுத்துடுவா.”

அவ்வளவுதான். முடிவாகிவிட்டது. கற்பூரவல்லியைக் கழுவப் போனேன்.

வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. முட்டை முதல் தடவை கொடுத்தபோதே குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. என்னவென்று தெரியாத ஒரு கறி உள்ளே போய் இளைப்பைக் கிளப்பிவிட்டால்? அதே சமயம் வேண்டாம் என்று சொல்லவும் பயம். நான் தடுத்து, அதற்கப்புறம் அவளுக்கு மூச்சு முட்டினால், நாத்தனார் என்னைக் கேட்பதற்கு முன்னால் நானே என்னைக் கேட்பேன். கொடுத்திருந்தால் சரியாகியிருக்குமோ என்று. இந்த இரண்டு பயங்களும் மாறி மாறி என்னோடு அந்த வாரம் முழுவதும் துணி துவைத்தன, அரிசி களைந்தன.

டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று புதன்கிழமை போனேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

“சார், நாட்டு மருந்து மாதிரி ஏதாவது… வீட்டுல சொல்றாங்க…”

“வெந்நீர் குடுங்க,” என்றார், நிமிராமல்.

செம்போத்து என்ற வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. நாத்தனார் முன்னால் அதிகம் படித்தவளாகவும் டாக்டர் முன்னால் ஒன்றும் படிக்காதவளாகவும் தெரிவது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது.

இதற்கிடையில் முள்ளுக்குள் போக்குவரத்து அதிகமாயிற்று. முதலில் ஒரு செம்போத்து ஓணானைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். அது வெளியே வந்ததும் இன்னொன்று வெட்டுக்கிளியோடு போகும். உள்ளே குஞ்சு இருக்கிறது. என் மகள் பின்வாசல் படியில் நின்று, “ஊப்பு வா, ஊப்பு வா” என்று கூப்பிட்டு, கூப்பிட்டதில் இருமி, இருமி முடித்ததும் மறுபடி கூப்பிடுவாள். எனக்கு இரண்டு சத்தமும் காதில் விழும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை, நாத்தனாரின் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அடி அண்ணாமலைக்குப் போனேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் இறங்கியதும் மறந்துவிட்டது. அவர் மதில்மேல் ஒரு பிடி சோறு வைத்துவிட்டுக் காத்திருந்தார். என் மாமனார் இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அமாவாசைக்குத்தான் என்றில்லை, தினமும் காக்கைக்கு வைத்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். ஒரு காக்கை வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டது.

“இன்னிக்கு லேட்டுப்பா நீ,” என்று அதனிடம் சொன்னார் நாத்தனார்.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அது யோசனைதான், பொய் இல்லை. புத்தகத்தில் இருந்ததைத்தானே சொல்லப் போகிறேன்?

“அண்ணி, காக்காவ யாராவது சாப்பிடுவாங்களா?”

“சீ! இன்னா பேச்சு பேசற? எங்கப்பா இப்பத்தான் சாப்ட்டுக்கினு கீறாரு.”

“இல்ல, செம்போத்துக்கு இங்கிலீஷ் புத்தகத்துல காக்கான்னுதான் பேரு போட்டிருக்குது. குரோ… அப்படின்னு ஆரம்பிக்குது.”

குரோ ஃபெசன்ட் என்பது பழைய புத்தகங்களில் அதன் முழுப் பெயர். இரண்டாவது வார்த்தையை நான் விழுங்கிவிட்டேன்.

நாத்தனார் மதிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “காக்காவுக்கு சொந்தமா அது?”

“இங்கிலீஷ்காரன் அப்படித்தான் எழுதி வச்சிருக்கான்.”

“சொந்தம்னா எப்படி? பங்காளியா, மாமன் மச்சான் மொறையா?”

இந்தக் கேள்வி எந்த விலங்கியல் தேர்விலும் வந்ததில்லை.

“அது எதுக்கு அண்ணி?”

“இன்னாத்துக்கா? பங்காளின்னா நம்ம அப்பாவோட வம்சம், தொடக் கூடாது. கொண்டான் கொடுத்தான் மொறைன்னா வேற வீடு. அது பரவால்ல.”

வகைப்பாட்டியலை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. குடும்பம், பேரினம், சிற்றினம் எல்லாவற்றையும் இரண்டே பெட்டியில் போட்டுவிட்டார். எனக்கு வேண்டிய பெட்டி எது என்று தெளிவாகத் தெரிந்தது.

“பங்காளிதான்னு நெனைக்கறேன் அண்ணி,” என்றேன், சின்னக் குரலில்.

“நெனைக்கறியா, தெரியுமா?”

“புத்தகத்தப் பாத்து சொல்றேன்.”

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மனசு லேசாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரமாட்டார்கள் என்றே நம்பினேன்.

வந்தார்கள். காலையில் மொபெட்டில், பையில் கண்ணியோடு. நாத்தனார் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

“ஏ பி.எஸ்ஸி, அந்த இங்கிலீஷ் பேருல இன்னொரு வார்த்தை கீதாமே? அத எங்க வுட்டுட்ட?”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் அக்கா கணவரைப் பார்த்தாராம். டீ சாப்பிட்டார்களாம். பேச்சோடு பேச்சாக, ஒரு தமாஷுக்காக, நான் அவரிடம் சொல்லியிருந்த முழுப் பெயரையும் சொன்னாராம்.

“ஃபெசன்ட்டு. கோழி இனமாமே,” என்றார் அண்ணன், சந்தோஷமாக. “காட்டுக்கோழி மாதிரி.”

“அது தப்பா வச்ச பேருங்க அண்ணா. கோழின்னு நெனச்சு வெள்ளக்காரச் சிப்பாய்ங்க சுட்டுத் தின்னு பாத்துட்டு, வாயில வைக்க முடியலன்னு துப்பிட்டாங்களாம்.”

“அவங்களுக்கு மொளகு போடத் தெரியாது,” என்றார் நாத்தனார். “சரி, பாதி காக்கா, பாதி கோழி. இப்ப இன்னா செய்யறது?”

என் கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “கறுப்பா இருக்கறது காக்கா பாகம்கா, அது அப்பா வழி. றெக்கை மட்டும் செவப்பா இருக்கு பாரு, அது கோழி. றெக்கைய மட்டும் குழம்பு வச்சுட்டு மிச்சத்த மதில்மேல வச்சிடு.”

“அப்பாவுக்கு சோறு போதும்,” என்று அவர் தம்பியின் தலையில் ஒரு தட்டு தட்டினார். ஆனால் சிரிப்பு போகவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையும் எதற்கென்று தெரியாமல் சிரித்து, இருமினாள். அந்த இருமலில் எல்லோருடைய சிரிப்பும் நின்றது.

நான் உள்ளே போய்ப் புத்தகத்தையே எடுத்து வந்தேன். இனிமேல் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

“காக்காவும் இல்ல, கோழியும் இல்ல. அது குயில் குடும்பம்.”

நாத்தனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “குயிலா? அந்தத் தொண்டையக் கேட்டியா நீ? காலிப் பானையில வாயை வச்சிக்கினு கூப்பிடற மாதிரி கீது. அது குயிலா?”

“குரல் வேற. ஆனா குடும்பம் அதுதான் அண்ணி. கால்ல ரெண்டு வெரல் முன்னாடி, ரெண்டு வெரல் பின்னாடி இருக்கும். குயிலுக்கும் அப்படித்தான்.”

“கால பாத்தா குடும்பம் சொல்வாங்க?”

“ஆமா.”

“உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப நாங்க மூஞ்சியத்தான் பாத்தோம். கால பாத்திருக்கணும் போல,” என்றார். பிறகு யோசித்தார். “குயிலு கூடு கட்டாதே. காக்கா கூட்டுல முட்டைய வுட்டுட்டுப் போயிடும். இது கூடு கட்டிக்கினு குடித்தனம் பண்ணுதே?”

“அதான் அண்ணி அதுல விசேஷம். குடும்பம் குயிலா இருந்தாலும் புள்ளைய தானே வளக்குது.”

“அப்ப காக்காவுக்கு பங்காளி இல்ல.”

நான் புத்தகத்தை மூடினேன்.

“சொல்லு. இல்லதான?”

“…இல்ல.”

“சரி. ஏங்க, கண்ணிய எடுங்க.”

விஞ்ஞானம் என்னைக் கைவிட்டது. உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பலன் என்று தோன்றியது. அண்ணன் பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போக, நாத்தனார் குழந்தையோடு பின்னால் போக, என் கணவர் வேடிக்கை பார்க்கப் போக, நானும் போனேன். முள்ளுக்குக் கீழே, செம்போத்து நடந்து நடந்து தேய்ந்த ஒரு தடம் இருந்தது. அதைப் பார்த்ததுமே அண்ணன் தலையாட்டிக்கொண்டு குந்தினார். ஒரு குச்சியை ஊன்றினார். கண்ணியின் சுருக்கை விரலால் இழுத்துப் பார்த்தார். தள்ளி ஒரு மனைக்கல்லின்மேல் பெரிய பறவை ஒன்று வாயில் எதையோ வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தது.

“ஊப்பு,” என்றாள் என் மகள்.

“வேணாம் அண்ணி,” என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நாத்தனார் திரும்பினார்.

“இன்னா வேணாம்?”

“கறி வேணாம். நான் குடுக்க மாட்டேன்.”

காரணம் எதுவும் சொல்லவில்லை. முட்டையையும் சொல்லவில்லை, டாக்டரையும் சொல்லவில்லை. ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த காரணங்கள் அத்தனையும் அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை.

நாத்தனாரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “நான் இன்னா என் மருமவளுக்கு விஷமா குடுக்கப் போறேன்? உனக்குப் பொண்ணுன்னா எனக்கு மருமவ. எனக்கு பாத்தியதை இல்லையா?”

“இருக்குது அண்ணி.”

“அப்புறம்?”

“வேணாம்.”

அண்ணன் குச்சியைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்க்கவே இல்லை, அவர் ஏதாவது தமாஷ் சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர், “அவ வேணாம்னா வேணாம்கா,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கல்யாணமாகி அவர் எனக்காக அக்காவிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

நாத்தனார் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் குச்சியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, கண்ணியைச் சுருட்டிப் பையில் வைத்தார். போகிற போக்கில் என்னிடம் மெதுவாக, “கூட்டுக்குள்ள குஞ்சு கீதும்மா. நானும் பாத்தேன்,” என்றார். இதை அவர் வீட்டில் எப்போதாவது சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை.

காபி வேண்டாம் என்றார் நாத்தனார். சாப்பாடும் வேண்டாம் என்றிருப்பார், ஆனால் குழந்தை, “அத்தை ஊட்டு,” என்று மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஊட்டிவிட்டு, மிஞ்சியதைத் தானும் சாப்பிட்டார். என்னிடம் உப்பு கேட்கவேண்டியிருந்தபோதுகூடக் குழந்தையிடம்தான் சொன்னார், “உங்கம்மாவ உப்பு கொண்டாரச் சொல்லு” என்று.

மத்தியானம் அண்ணன் மட்டும் கடைக்குக் கிளம்பினார். வெயில் தாழ்ந்ததும் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி நாத்தனார் தங்கினார். வெயில் தாழ்ந்தபோது குழந்தைக்கு இளைப்பு ஆரம்பித்தது.

அன்றைக்கு வந்தது வழக்கமானதைவிட அதிகம். விசில் கேட்க முதுகில் காது வைக்கவே வேண்டியிருக்கவில்லை, எதிரில் உட்கார்ந்தாலே கேட்டது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. நான் சிரப்பைத் தேடினேன். கையில் சிரப்பை வைத்துக்கொண்டே சிரப்பைத் தேடினேன். காலையில் நான் சொன்ன ‘வேணாம்’ எனக்குள் மணிபோல அடித்துக்கொண்டிருந்தது. இப்போது நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் உடைந்துவிடுவேன் என்று தெரிந்தது.

அவர் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “டேய், ஆட்டோவக் கூப்பிடு,” என்று தம்பியிடம் கத்தினார்.

பௌர்ணமி சாயங்காலத்தில் ஊருக்குள் ஆட்டோ போவது என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வேலூர் சாலை முழுக்க வெளியூர் பஸ். பாதி வழியில் தடுப்புப் போட்டுத் திருப்பிவிட்டார்கள். இறங்கி, மலையைச் சுற்றக் கிளம்பிய கூட்டத்துக்கு எதிரே நடந்தோம். நாத்தனார் முன்னால் போனார். “வழி வுடுங்க, புள்ளைக்கு மூச்சு முட்டுது, சாமி எங்கியும் போவாது, வழி வுடுங்க,” என்று அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் பிளந்தது. அன்று அவர் கடையில் இருக்கவேண்டிய சாயங்காலம். அண்ணன் தனியாக அங்கே யாருக்கு எதைக் கொடுத்துக்கொண்டிருந்தாரோ.

டாக்டர் இருந்தார். நான்கு பேருக்குப் பிறகு என்றார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் அம்மாள் குழந்தையின் மூச்சைக் கவனித்துவிட்டு நாத்தனார் பக்கம் சாய்ந்தார்.

“இளப்பாம்மா? செம்போத்துக் கறி குடுத்துப் பாத்தீங்களா?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அதெல்லாம் கூடாதுங்க,” என்றார் நாத்தனார். “அது குயில் குடும்பம்.”

“குயிலா? பாத்தா காக்கா மாதிரி இல்ல இருக்கும்?”

“மூஞ்சிய பாக்கக் கூடாதுங்க. கால பாக்கணும். எங்க வூட்டுப் பொண்ணு பி.எஸ்ஸி, அவளக் கேளுங்க.” என்னை அவர் பார்க்கவில்லை.

எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு மெஷினைப் போட்டு, மூக்கில் மூடி வைத்து, புகைபோல மருந்தை விட்டார். கொஞ்ச நேரத்தில் கழுத்துக் குழி உள்ளே போவது குறைந்தது. நான் மூச்சு விட்டேன். டாக்டர் எழுத உட்கார்ந்தார். நாத்தனார் அவர் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“தம்பி, கொஞ்சம் நிமிந்து பாத்து சொல்லு. இவளுக்கு செம்போத்துக் கறி குடுக்கலாமா, கூடாதா?”

டாக்டர் நிமிர்ந்தார். இத்தனை மாதத்தில் அவர் முகத்தை நேராக நான் அப்போதுதான் பார்த்தேன். சின்ன வயதுக்காரர்.

“கூடாதும்மா. அதுல ஒண்ணும் கெடையாது. முட்டைக்கே தடிக்குதுன்னு எழுதியிருக்கு, புதுசா எதையும் குடுத்துப் பாக்காதீங்க.”

“இந்த இளப்பு எப்பத்தான் போவும்?”

“பெரும்பாலும் வயசு ஏற ஏற கொறஞ்சிடும்மா. உறுதியா சொல்ல முடியாது.”

“இத இவகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?”

“இவங்க கேக்கலியே,” என்றார் டாக்டர்.

வெளியே வந்து, கூட்டம் கொஞ்சம் ஓயட்டும் என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். கணவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். குழந்தை நாத்தனாரின் தோளில் தூங்கிவிட்டாள். அவர் அவளை இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

“காக்கான்ன. கோழி இல்லன்ன. குயிலுன்ன. கால பாருன்ன,” என்றார் கடைசியில். “முட்டைக்கே தடிக்குது, எனக்கு பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா அண்ணி?”

அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

“மாட்டேன். உனக்குத் தெரியாம வீட்டிலயே சாறு வச்சிக் கொண்டாந்து, கோழின்னு சொல்லிக் குடுத்திருப்பேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது, எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் முந்தானையின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினார். துடைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன்.

“இருக்கட்டும். காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல. எதிர்ல போயி ஒரு டீ குடி.”

“மூச்சு சத்தம் வருதான்னு…”

“எனக்கும் காது கீது. போ.”

நான் தெருவைக் கடந்து, டீ வாங்கி, அவர்கள் தெரியும்படியான இடத்தில் நின்று குடித்தேன். நாத்தனார் தலையைச் சாய்த்து, குழந்தையின் முதுகில் தன் காதை வைத்திருந்தார்.